பெரகலச் சந்தியில் பாலில்லாத் தேத்தண்ணி

பெரகலச் சந்தியில் வண்டி நிற்கிறது. ஹப்புத்தளை ஏற்றத்துக்கு முன்னால் மாடுகள் இளைப்பாற வேண்டும். பனி மூடி, எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் பாலை எடுக்கும்போதே நான் தடுக்கிறேன்.

"பால் வேணாம், சீனியும் வேணாம். தூளைக் கொதிக்க விடாம, சுடுதண்ணி மட்டும் ஊத்திக் குடுங்க."

பதுளையில் என் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள் இதற்காகவே என்னைக் கஞ்சன் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பால் ஊற்றுகிறவன் பாலைத்தான் குடிக்கிறான், தேயிலையை அல்ல.

பக்கத்துப் பலகையில் ஒரு பெண் சிரிக்கிறாள். பெயர் மாரியாயி. காலடியில் தண்ணீர் கொதிக்கவைக்கும் புதுக் கேத்தல். ஹல்துமுல்லைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தது போதுமென்று புருஷனோடு ஹாலிஎலவுக்குப் போகிறாளாம். ரயில் பாதை போடுகிறவர்களுக்கு அங்கே தேத்தண்ணிக் கடை வைக்கப் போகிறாள்.

அவளுக்கும் என்னுடையதைப் போலவே ஒன்று போடச் சொல்கிறேன்.

"குடிச்சுப் பாரும்மா. ஒங்கடையிலயும் இப்படியே குடு."

ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையை வைக்கிறாள். "எங்க ஆளுங்க இதத் தொட மாட்டாங்க. நான் இஞ்சியும் வெல்லமும் போட்டு நல்லாக் கொதிக்க விடுவேன்."

"இஞ்சி போட்டா தேயிலை வாசனை போயிருமே!"

"போகட்டுங்க. கல்யாணமான நாள்லேருந்து அந்த வாசனை என் கையை விட்டுப் போகல. குடிக்கிறப்பவாவது வேற வாசனை வேணாமா?"

வெளியே புருஷன் கூப்பிடுகிறான். கேத்தலை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நடக்கிறாள்.

நான் பாலில்லாமலேயே குடித்து முடிக்கிறேன். என் கருத்தில் மாற்றமில்லை. ஹாலிஎலவில் அவள் கடைக்குக் கூட்டம் வரும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.