நான்கு நாள் ரஷ் ஃபைலும் தம்பியின் மனுவும்

மலையடிவாரச் சோதனையில் என் தம்பி குமரேசனின் ஜீப்பைப் பிடித்து நிறுத்திய திங்கட்கிழமை, என் மேஜைக்கு அமெரிக்காவிலிருந்து அவசரமாக முடிக்க வேண்டிய ஒரு ரஷ் ஃபைல் வந்திருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான். அது எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதை, டிரான்ஸ்கிரிப்ஷன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. கேட்டதை அடிக்க வேண்டும்

நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பதினெட்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். காதில் ஹெட்போன், காலடியில் ஃபுட் பெடல். பெடலை அழுத்தினால் ஒலி ஓடும், எடுத்தால் நிற்கும். கேட்டதை இங்கிலீஷில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் டாக்டர்கள் பேசுவதை அடித்தேன். பிறகு டீம் லீடர் ரவி சார் என்னை வேறு ஒரு கிளையண்ட்டுக்கு மாற்றினார். அது அமெரிக்காவில் சட்டம், அரசுக் கொள்கை பற்றி ஆராயும் ஒரு நிறுவனம். அவர்களுடைய கூட்டங்கள், அவர்கள் எடுத்து நடத்தும் வழக்குகளின் விசாரணைகள் எல்லாம் எங்களுக்கு ஆடியோவாக வரும்.

"இவங்க இன்னா சார் சொல்றாங்க?" என்று முதல் நாள் கேட்டேன்.

"வாங்கறவனும் விக்கறவனும் பேசி முடிச்சிக்கட்டும், கவர்மெண்ட் நடுவுல வராதன்றாங்க மேடம். சந்தைய வுட்டா அதுவே சரி பண்ணிக்கும்ன்றாங்க. நீங்க அதெல்லாம் யோசிக்காதீங்க. வெர்பேட்டிம் ஃபைல். இருமினாக்கூட இருமல்னு போடுங்க. கேட்டத அடிங்க, போதும்."

யோசிக்காமல் இருக்க முடியவில்லை. முடி பின்னிவிடுவதற்கு லைசென்ஸ் கேட்கும் ஊர்கள் அங்கே இருந்தன. ஒரு மாநிலத்தில் பூ அலங்காரம் செய்யவே உரிமம் வேண்டுமாம். அதை அடித்தபோது சிரிப்பு வந்து, பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் பூக்கட்டுபவர்கள் யாரிடம் போய் உரிமம் வாங்குவார்கள்?

வருஷங்கள் போகப் போக அவர்கள் வாதம் எனக்கு மனப்பாடம் ஆனது. புதிதாக ஒருவன் தொழிலுக்கு வரலாமா என்று, ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவனைக் கேட்டு முடிவு செய்தால் அவன் எப்படி ஆமாம் என்பான்? அது நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

2. ஓன் போர்டு

குமரேசன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். கள்ளக்குறிச்சியில் வீடு எடுத்துக்கொண்டு, கல்வராயன் மலைக்கு ஜீப் ஓட்டினான். சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு வண்டி. அதில் காசு வாங்கி ஆள் ஏற்றக்கூடாது. அவன் ஏற்றினான்.

மலையில் பெரிய ஊர் வரைக்கும் பஸ் போகும். அதற்கு மேலே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குப் போகாது. தார் ரோடு முடிந்து கல்லும் செம்மண்ணுமாக ஏறும் பாதையில் இவன் ஜீப்தான் போகும். கடுக்காய் மூட்டை, புளி மூட்டை, காய்ச்சல்காரர், கல்யாணப் பெண் எல்லாம் அதில்தான். கடைசிச் சிற்றூரில் வெள்ளையன் என்பவனும் அவன் மனைவி பச்சையம்மாவும் இருந்தார்கள். முதல் பிரசவத்துக்குக் குமரேசன்தான் அவளைக் கீழே கொண்டுவந்தான். அந்தப் பெண்குழந்தை அவனை மாமா என்று கூப்பிடும்.

முறையாக ஓட்டலாம் என்று இரண்டு தடவை பர்மிட்டுக்கு விண்ணப்பித்தான். இரண்டு விண்ணப்பத்தையும் நான்தான் எழுதினேன். அந்தத் தடத்தில் ஏற்கெனவே பஸ் இருக்கிறது என்று இரண்டு தடவையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"பஸ்ஸு எங்க வரைக்கும் போதுன்னு ஒரு தபா வந்து பாக்கச் சொல்லுக்கா," என்று சிரித்தான். கோபப்படத் தெரியாதவன்.

3. அந்த நான்கு நாள்

திங்கட்கிழமை மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் வந்து நின்றான். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆர்.சி. புக்கும் இன்சூரன்ஸ் நகலும்.

"யக்கா, வண்டிய புட்ச்சிட்டாங்க. ஆளு ஏத்திக்கினு போவச்சொல்ல செக்கிங். ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தா ரெண்டு நாள்ல வுட்டுடுவாங்களாம்."

"எழுதிக் குடுக்கறேன்டா. இப்ப ரஷ் ஃபைல் ஓடிக்கினு இருக்குது. வியாழக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"ஆர்.டி.ஓ. ஆபீஸு வாசல்லயே எழுதறவங்க இருக்காங்க. அவங்க கிட்ட குடுத்துடவா?"

"வேணாம். அவங்க தப்புத்தப்பா எழுதி மாட்டி வுட்டுடுவாங்க. நானே எழுதறேன். நாளைக்கு வா."

சரி என்று கவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். மேஜை டிராயரில் வைத்தேன்.

அந்த ரஷ் ஃபைல் ஒரு விசாரணை. அமெரிக்காவில் சில மாநிலங்களில் புதிதாக ஆஸ்பத்திரியோ ஆம்புலன்ஸோ தொடங்குவதென்றால், அது அந்த ஊருக்குத் தேவை என்று அரசிடம் நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். மலைப்பகுதி ஒன்றில் ஆம்புலன்ஸ் ஓட்ட விரும்பிய ஒருவருக்குச் சான்றிதழ் மறுத்துவிட்டார்கள். அவர் சார்பில் எங்கள் கிளையண்ட் வாதாடியது.

நான்கு நாளும் அவர் குரல் என் காதில் இருந்தது. கரகரத்த குரல். பக்கத்துப் பண்ணையில் ஒரு முதியவருக்கு மூச்சு முட்டியபோது, அனுமதி பெற்ற ஆம்புலன்ஸ் வெகு தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. "என் வண்டி வாசலில் நின்றது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தால் குற்றம்," என்றார். பிறகு பேச்சு வரவில்லை. அழுகை என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். எனக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு பெண். அவர் கத்தவில்லை. "எல்லோரும் ஓட்டலாம் என்று விட்டால் லாபம் வரும் இடத்துக்குத்தான் எல்லோரும் வருவார்கள். ஆளில்லாத மலை மூலைக்கு யார் வண்டி வைத்துக் காத்திருப்பார்?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை குமரேசன் போன் செய்தான். "வரட்டாக்கா?"

"இன்னிக்கு ஆவாது. நாளைக்கு."

புதன்கிழமையும் போன் செய்தான். நான் எடுக்கவில்லை. சாட்சியின் பேச்சில் ஒரு சொல் விளங்காமல் பத்துத் தடவை பெடலை அழுத்தித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரியாகக் கேட்கவில்லை என்பதற்கு இனாடிபிள் என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்த மனிதருடைய ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

வியாழக்கிழமை மாலை ஃபைலை அனுப்பினேன். ஒரு தப்புகூட இல்லை என்று ரவி சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். சின்னசேலத்தில் பஸ் மாறும்போதுதான் டிராயரில் இருக்கும் கவர் ஞாபகம் வந்தது. காலையில் முதல் வேலையாக எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

4. வெள்ளிக்கிழமை

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது குமரேசன் கூப்பிட்டான்.

"யக்கா, பச்சையம்மா செத்துட்டா."

"எந்தப் பச்சையம்மா?"

"வெள்ளையன் பொண்டாட்டி. ரெண்டாவது பிரசவம். நேத்து மத்தியானம்."

நான் ஆபீஸுக்குப் போகவில்லை. அவனோடு பஸ்ஸில் மலையேறி, தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்தேன். நான் அந்தச் சிற்றூருக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவன் முன்னால் நடந்தான்.

அடக்கம் முடிந்திருந்தது. வெள்ளையன் வாசலில் குந்தியிருந்தான். பிறந்த பிள்ளை உயிரோடு இருந்தது; அவன் தங்கை மடியில் கிடந்தது. மூத்த பெண் குமரேசனைப் பார்த்ததும் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

வெள்ளையன் யாரையும் குறை சொல்லவில்லை. குமரேசனிடம் நடந்ததை மட்டும் சொன்னான்.

"வெடிகாலம் வலி வந்துச்சி. பொழுது ஏறினதும் பொறந்துடுச்சி. ரத்தம்தான் நிக்கல. வியாழக்கிழமை நீ வர்ற நாளாச்சே, வண்டி வந்துடும்னு ரோட்டோரத்துல படுக்க வெச்சிக்கினு இருந்தோம். வண்டி சத்தம் கேக்குதா, கேக்குதான்னு அவளே கேட்டுக்கினு இருந்தா. வண்டிய புட்ச்சது எங்களுக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா அப்பவே டோலி கட்டித் தூக்கியிருப்போம். அப்பறம் கட்டித் தூக்கனோம். பாதி எறக்கத்துல அடங்கிட்டா."

போன் செய்ய அங்கே டவர் கிடையாது. டோலி கட்டிய கம்பும் போர்வையும் வாசல் ஓரத்தில் அப்படியே சாய்ந்து கிடந்தன.

குமரேசன் அந்தப் பெண்குழந்தையின் தலையில் கை வைத்தபடி நின்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

5. இருபது நிமிஷம்

அடுத்த திங்கட்கிழமை அந்த விளக்கக் கடிதத்தை எழுதினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் எழுதினேன். இருபது நிமிஷம் ஆனது.

நானே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி தலை நரைத்தவர், நிதானமானவர். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஏன் இவ்ளோ லேட்டு? செவ்வாய்க்கிழமை குடுத்திருந்தா புதன்கிழமை சாயங்காலம் வண்டி வெளிய போயிருக்கும்," என்றார்.

எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. பச்சையம்மாவைப் பற்றிச் சொன்னேன். பல வருஷம் அடித்த வாதங்களையெல்லாம் அவர் மேஜை மேல் கொட்டினேன். பஸ் போகாத இடத்தில் ஓடும் வண்டியை, பஸ் இருக்கிறது என்று சொல்லித் தடுப்பது என்ன நியாயம்? மக்களுக்கு எது தேவை என்று மக்களுக்குத் தெரியாதா?

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது தப்பு இல்லம்மா. ஆனா நான் வேலைக்குச் சேந்த புதுசுல, வேற ஒரு மலையில, பர்மிட் இல்லாத வண்டி ஒண்ணு பள்ளத்துல உருண்டுச்சி. எட்டுப் பேர் ஏற வேண்டியதுல இருவது பேர். நான்தான் போய் செத்தவங்க பேரெழுதினேன். அதுல ஒருத்தருக்கும் இன்சூரன்ஸ் காசு வரல. அன்னிலேர்ந்து மலை ரோட்ல வண்டியப் பாத்தா நிறுத்தறேன். உங்க தம்பிய நிறுத்தும்போது மேல ஒரு பொண்ணு இருக்கான்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அவர் சட்டம், எங்கள் கிளையண்ட்டின் வாதம், இரண்டில் எது சரியாக இருந்தாலும், நான் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் புதன்கிழமை சாயங்காலம் வண்டி வெளியே வந்திருக்கும். அதற்குச் சட்டம் தடையாக இல்லை. தடையாக இருந்தது என் மேஜை டிராயர்.

6. பிறகு

குமரேசன் வண்டியை எடுத்துவந்து அந்த மாதமே விற்றுவிட்டான். ஆள் ஏற்றும் வேலைக்கு அவன் மறுபடி போகவில்லை. இப்போது மரவள்ளிக்கிழங்கு லோடு லாரி ஓட்டுகிறான். அந்தச் சிற்றூருக்குக் கொஞ்ச நாள் எந்த வண்டியும் போகவில்லை. பிறகு வேறு ஒருவன் போக ஆரம்பித்தான். அவனுக்கும் பர்மிட் இல்லை.

அந்த அமெரிக்கர் வழக்கில் தோற்றார். அதன் தீர்ப்பைப் பற்றிய கூட்டத்தையும் நான்தான் அடித்தேன். அவரும் பேசினார். தோற்றாலும் தான் சொன்னது பதிவில் இருக்கிறது, என்றாவது யாராவது படிப்பார்கள் என்றார். அந்த இடத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பச்சையம்மா வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று கேட்டது எந்தப் பதிவிலும் இல்லை. அவளுக்காக யாரும் விசாரணை கேட்கவில்லை, நான் உட்பட.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். இந்த வேலையில் தூரத்துக் குரல்கள் காதுக்கு ரொம்ப நெருக்கத்தில் பேசும். அவர்களுக்காக அழலாம், அதில் தப்பில்லை. ஆனால் மாடிப்படியில் ஒருவர் கவரோடு வந்து நின்றால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்த இருபது நிமிஷத்தை முதலில் கொடுத்துவிடுங்கள். கொடுக்க முடியாதென்றால், வேறு ஆளிடம் போகிறேன் என்பவரையாவது தடுக்காதீர்கள்.

குமரேசன் என்னிடம் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பொங்கலுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், சிரிக்கிறான். போன வருஷம் அவன் பையனைப் பள்ளிக்கூடம் மாற்ற ஒரு கடிதம் தேவைப்பட்டது. எனக்குத் தெரியாது. அவன் வீட்டு டீ.வி. மேல் அதன் நகல் கிடந்ததைப் பார்த்தேன். கோர்ட் வாசலில் யாரோ எழுதிக் கொடுத்தது. பையன் பெயரிலேயே ஒரு எழுத்து தப்பு.

எடுத்துப் படித்தேன். அவன் பார்த்தான்.

"இது போதும்க்கா," என்றான். "வேலை ஆயிடுச்சி."