யாரும் எண்ணை அழுத்தாவிட்டால்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும், ஆபீசில் மூன்று மாடிக்கும் தெரியும். பெருமாள்ராஜ் அண்ணாச்சி கோபப்பட்டு மட்டும் நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். அவர் டெலிபோன் ஆபரேட்டர், நான் பொதுப் பிரிவில் உதவியாளர். பாளையங்கோட்டையில் பதினாறு அரசு அலுவலகங்கள் ஒன்றாக இருந்த கட்டடம் அது. பெயர் இங்கே வேண்டாம்.

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் மணிமுத்தாறு பக்கம். நான்கு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் படித்து, ஆபரேட்டர் பயிற்சி முடித்து, இருபத்தைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தார். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, சுவரில் எக்ஸ்சேஞ்ச் பெட்டி, மேசையில் பொத்தான்கள் வரிசையாக இருக்கும் ஒரு போர்டு. அதுதான் அவர் உலகம் என்று எழுதினால் பொய். மனைவி சுடலைவடிவு உண்டு, வீடு உண்டு, கிரிக்கெட் வர்ணனை என்றால் உயிர். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தானும் நாலு பேரைப் போல வேலைக்காரன் என்பார்.

லைனைக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள்கிற ஆள் இல்லை அவர். அந்தப் பக்கம் ஆள் எடுத்து, ‘சொல்லுங்க’ என்கிற வரைக்கும் காதை எடுக்க மாட்டார். எடுக்கவில்லை என்றால் திரும்ப வந்து, “சீட்டுல ஆளு இல்ல, மூணு மணிக்குப் போடுங்க” என்று சொல்வார். யாரும் அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

போன வருடம் கோடை மழையில் இடி விழுந்து பெட்டியில் பாதி செத்துப்போனது. முப்பது வருடத்துப் பெட்டி, உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை. மாற்ற வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. உத்தரவு வந்தது. ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஜெய்சன் என்ற இன்ஜினியர் புதுக் கருவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்தார். வழவழவென்று கண்ணாடி, விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

“இதுல பொத்தான் எங்க இருக்கு தம்பி?”

“பொத்தான் கிடையாது சார். பார்த்துத்தான் தொடணும்.”

வெளியிலிருந்து வரும் அழைப்பை இனி ஆபரேட்டர் எடுக்க வேண்டியதில்லை, பதிவுசெய்த குரல் எடுத்து, எந்தப் பிரிவுக்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று சொல்லிவிடும் என்றும் ஜெய்சன் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது.

ஆனால் கருவியைப் பொருத்தும் வேலை பாதியில் நின்றுபோனது. எந்த எண் எந்த அறையில் அடிக்கும் என்ற பதிவேட்டைக் கரையான் தின்று பல காலம். முப்பது வருடத்தில் சுவரை இடித்து, அறையைப் பிரித்து, பிரிவுகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. இருநூற்றுப் பன்னிரண்டு எண்களும் இருந்தது அண்ணாச்சி தலைக்குள் மட்டும்தான்.

“அண்ணாச்சி, வாயைத் திறக்காதீங்க” என்றேன். “அவன் செவரைத் தோண்டித் தோண்டிப் பார்க்கட்டும். ஒங்க வேலையைப் பிடுங்குததுக்கு நீங்களே வழி சொல்லுவீங்களா?”

“அவன் தோண்டுத வரைக்கும் ஊருல இருந்து போன் பண்ணுதவனுக்கு யாரு பதில் சொல்லுவா? நோட்டை எடு தங்கச்சி. நான் சொல்லுதேன், நீ எழுது.”

“ஒங்க பொழப்பு?”

“சம்பளம் வரும்லா. சும்மா இருக்கணுமேன்னுதான் பயமா இருக்கு” என்றார் பைய.

இரண்டு நாள் சொன்னார். ஓர் எண் கூடத் தப்பவில்லை. எழுதியது என் கை.

அவரை என் மேசைக்குப் பக்கத்தில், தபால் பிரிவில் உட்கார வைத்தார்கள். கவர் ஒட்டலாம் என்றார்கள். தபாலே கணினிக்குள் போய்விட்ட காலத்தில் எந்தக் கவரை ஒட்டுவது? பத்து மணிக்கு வருவார், உட்கார்வார், ஐந்தேமுக்காலுக்கு எழுந்து போவார். ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். விருப்ப ஓய்வுக்கு மனு எழுதித்தரச் சொல்லி என்னிடமே வந்து கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்று நான் இழுத்தடித்தேன்.

அப்போதுதான் கல்லிடைக்குறிச்சியிலிருந்து தனலட்சுமி என்கிற அம்மா வந்தார். அப்பளக் கம்பெனியில் வேலை. மகள் தேன்மொழி நர்சிங் சேர ஒரு சான்றிதழ் வேண்டும், விண்ணப்பம் எங்கேயோ சிக்கிக் கிடந்தது. “கடைசித் தேதி நேத்தோட முடிஞ்சிட்டு” என்றார்.

“முன்னாடியே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?” என்று எரிந்து விழுந்தேன்.

“மூணு தடவை பண்ணுனேன் மேடம். ஒரு பொம்பளப்பிள்ளை எடுத்து வணக்கம் சொல்லிச்சு. பொறவு என்னமோ நம்பரா சொல்லிச்சு. நான் பேரு, ஊரு, கடைசித் தேதி எல்லாஞ் சொன்னேன். குறுக்க பேசாம கேட்டுச்சு. எல்லாம் பார்த்துச் செய்வாங்கன்னு நம்பி வச்சிட்டேன்.”

அவர் விஷயத்தைச் சொன்னது பதிவுசெய்த குரலிடம். அந்தப் பக்கம் ஒருவருமே இல்லை. அல்லாவே, இதில் நான் யாரைத் திட்டுவது?

பக்கத்து மேசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். “இந்த அம்மா நேர்ல வந்ததுனால தெரியுது. வராதவங்க எத்தன பேரோ” என்றார்.

நான் நேரே நிர்வாக அலுவலர் தேவேந்திரன் சார் அறைக்குள் போனேன். என்ன பேசினேன் என்று எழுத எனக்கே வெட்கம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜெய்சனைக் கூப்பிட்டார். பதிவுக் குரலை மாற்ற மேலிடத்து ஒப்புதல் வேண்டும் என்றார் ஜெய்சன்.

“ஆனா ஒண்ணு செய்யலாம் சார். யாரும் எண்ணை அழுத்தலேன்னா இப்ப கொஞ்ச நேரத்துல லைன் தானா கட் ஆயிரும். கட் ஆகாம ஒரு சாதாரண பொத்தான் போனுக்குத் திருப்பி விடலாம். அதுக்கு யாரையும் கேக்க வேண்டாம்.”

அன்று சாயங்காலமே தபால் பிரிவில் அண்ணாச்சி மேசைக்கு ஒரு கம்பி இழுத்தார்கள். தேன்மொழிக்கு ஒரு வருடம் போனது போனதுதான். அதை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

மறுநாள் பதினொன்றரை மணிக்கு அந்தப் போன் அடித்தது. அண்ணாச்சி எடுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கிற அளவுக்கு ஒரு கிழவரின் உரத்த குரல். அவர் ஏற்கெனவே பாதிக் கதையில் இருந்தார். பாபநாசத்துப் பக்கம் ஏதோ வாய்க்கால், அடைப்பு, நாற்று காய்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார். அண்ணாச்சி குறுக்கே பேசவில்லை. அந்தப் பெரியவர் மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போதுதான் அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

“ஐயா, மன்னிக்கணும். மொதல்ல இருந்து சொல்லுங்க. இப்பதான் ஆளு வந்திருக்கேன்.”