பெண்டு எடுத்த கூலி

விடியுமுன்பே அக்கா மோட்டார் சைக்கிளின் கிக்கரை உதைக்கிறார். வண்டி இருமிவிட்டு அடங்குகிறது. "உனக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்று அதட்டிவிட்டு மறுபடி உதைக்கிறார். இந்தத் தடவை பிடித்துக்கொள்கிறது. மேல்மாடியில் யாரோ ஜன்னலை வேண்டுமென்றே சத்தமாகச் சாத்துகிறார்கள். அக்கா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "இந்நேரத்துக்கு பஸ்ஸை விடச் சொல்லுங்க, நான் ஏன் உங்க தூக்கத்தைக் கெடுக்கறேன்?" என்பது அவருடைய பதில். இதுவரை யாரும் அவரிடம் வந்து கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தயாராக வைத்திருக்கிறார்.

கடல் கடந்து வந்து இந்தக் கட்டடத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் அவர் கிக்கரக்கா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கித் தோள் மட்டும் பயில்வானுக்குரியதாகிவிட்டது. மற்றபடி குள்ளமான உருவம். ஹெல்மெட்டை மாட்டினால், தூரத்திலிருந்து பார்க்க ஹெல்மெட்டே நடந்து வருகிற மாதிரி இருக்கும். கணவர் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். அவருக்கு வண்டி ஓட்ட வராது. இரண்டு சாப்பாட்டுப் பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்து போவார். கிடங்கில் கேலி செய்கிறார்களாம். "பொண்டாட்டி முதுகுக்குப் பின்னாடி காத்தே அடிக்காதுப்பா, சுகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கப் போய்விடுவாராம்.

போன மழைக்காலத்தில் அந்த வண்டி ஒரு குழியில் இறங்கியது. குழியைத் தண்ணீர் மூடியிருந்தது. இருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வண்டியின் கைப்பிடி சாமி வந்ததுபோல் ஆட ஆரம்பித்தது. முன்சக்கரத்தின் ரிம் கோணிப் பெண்டாகியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். 'போனோம்' என்றால் அக்காவும், இந்த ஊர் மொழியில் பேசுவதற்காக, பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு கதை எழுதுகிற நானும்.

பட்டறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே தரை அவ்வளவு சுத்தமாக இருந்ததைப் பார்த்ததுமே அக்கா என் காதில், "தம்பி, இந்தத் தரையைத் துடைக்கற காசும் நம்ம தலையிலதான்" என்றார். பட்டறைக்காரர் மரியாதையான மனிதர். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், கம்பிகளைத் தட்டிப் பார்த்தார், பிறகு கணக்குச் சொன்னார். டயரைக் கழற்றத் தனி, கோணலை எடுக்க மணிக்கணக்கில் தனி, திரும்ப மாட்டத் தனி. எல்லாம் சேர்த்தால் அக்காவின் ஒரு வாரச் சம்பளத்தில் முக்கால்வாசி. அப்படியும் சரியாக நிமிரும் என்று உறுதி சொல்ல முடியாது. புதுச் சக்கரம் போடுவதுதான் நல்லது என்றார். புதுச் சக்கரத்தின் விலைக்கு அக்கா இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

"நிமிந்தாலும் அதே காசு, நிமிராட்டியும் அதே காசா? கேளுங்க" என்றார் அக்கா.

கேட்டேன். இடத்து வாடகை, ஆள் சம்பளம், வரி என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

"அவர் சொல்றது அவருக்குச் சரிதான். எனக்குச் சரியில்லை. சக்கரத்தைக் குடுக்கச் சொல்லுங்க."

கொடுத்தார். கூடவே, பரிசோதித்ததற்கான கட்டணம் என்று ஒரு சீட்டையும் நீட்டினார்.

"பாத்ததுக்கா? நானுந்தான் இவ்வளவு நேரம் அவரைப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்கு யாரு குடுப்பா?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்கா பணத்தைக் கட்டினார். வெளியே வந்ததும், "பெண்டு எடுக்க எவ்வளவுன்னு கேட்கப் போனேன், என் பெண்டை எடுத்து அனுப்பிட்டான்" என்றார். பேருந்தில் சக்கரத்தைப் பார்த்து ஓட்டுநர் முகம் சுளித்தார். அக்கா அதை மடியில் போட்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, இறங்குகிறவரை அவரையே முறைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் கணவரின் அண்ணன் காத்திருந்தார். நகரத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். நல்லவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அக்காவும் சொல்வார், சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். வந்த புதிதில் அக்கா அந்தக் கடையில்தான் நின்றார். சம்பளம் என்று பேச்சு எடுத்தால், "நம்ம கடைதானேம்மா" என்பார் அவர். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது வாடிய காய்கறியைப் பையில் போட்டுக் கொடுப்பார். அங்கிருந்து பிய்த்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போய், முதன்முதலாகக் கையில் வாங்கிய சம்பளத்தில்தான் அக்கா இந்த வண்டியை வாங்கினார்.

"என் பழைய காரைத் தரேன், எடுத்துக்கோங்க" என்றார் அண்ணன். "காசு மெதுவா கழிச்சுக்கலாம். நீயும் அந்த அழுக்குத்துணி வேலையை விட்டுட்டு நம்ம கல்லாவில வந்து உட்காரும்மா. வீட்டு ஆளு இருந்தா எனக்கும் நிம்மதி. இவனும் பொம்பளை பின்னாடி உட்கார்ந்து ஊர் சிரிக்கப் போக வேண்டாம்."

அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். "யோசிப்போம்ண்ணே" என்றார்.

அண்ணன் போனதும் அக்கா சக்கரத்தின் டயரைக் கழற்றினார். சமையலறை நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அதன் கால்களுக்கு நடுவே அச்சைப் பொருத்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டார். ஒரு காலில் சாக்பீஸைக் கட்டினார். சக்கரம் சுற்றும்போது ரிம் எங்கே கோணி வருகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு போடும். இதெல்லாம் போனில் யாரோ ஒருவர் செய்து காட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. "அவர் பேசறது ஒண்ணும் புரியலை. கையைத்தான் பாத்தேன்."

பார்த்தது போதவில்லை. அக்காவுக்கு எதையும் இறுக்கித்தான் பழக்கம். கோடு விழுந்த இடத்துக்கு எதிர்க் கம்பிகளை எல்லாம் பலம் கொண்டமட்டும் முறுக்கினார். ஒரு கம்பி பட்டென்று அறுந்து பாத்திர அலமாரியில் அடித்தது. ரிம் முன்னைவிடக் கோணிக்கொண்டது.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, கணவர் வாசற்படியில் நின்று மெதுவாக, "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்திருந்தார்.

"அந்த டார்ச்சை எடுத்து இங்க பிடிங்க."

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க."

அவர் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல நாள் அந்தச் சமையலறையில் நாற்காலி கவிழ்ந்தே கிடந்தது. அக்கா சம்பளமில்லாத விடுப்புப் போட்டார். புதுக் கம்பிகள் வாங்கினார், கம்பியைத் திருகுகிற குட்டிச் சாவி வாங்கினார், அது வழுக்குகிறது என்று நல்லதாக இன்னொன்றும் வாங்கினார். நாளாக நாளாகக் கை அடங்கியது. ஒரு பக்கத்தை அரைக்கால் திருகு தளர்த்திவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொடுவார். ஒருநாள் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "இந்தப் பக்கம் இழுத்தா அந்தப் பக்கம் விடணும் தம்பி. ரெண்டு பக்கமும் இழுத்தா அறுந்துடும்." என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். உடனே, "இதைக் கொண்டுபோய் வாழ்க்கை, குடும்பம்னு எழுதிடாதீங்க. இது சக்கரம்" என்றார்.

சாக்பீஸ் ரிம்மைத் தொடாமல் சக்கரம் ஓடிய அன்று, செலவை எல்லாம் கணவர் கூட்டிப் பார்த்துவிட்டார். விடுப்பில் போன சம்பளத்தையும் சேர்த்தால், பட்டறைக்காரர் கேட்டதைவிடக் கூடுதலாகவே ஆகியிருந்தது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னார்.

"ஆமா, கூடத்தான் ஆச்சு. இப்ப என்ன?" அக்கா சாவியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அங்க குடுத்திருந்தா அடுத்த குழிக்கும் அங்கதான் போய் நிக்கணும். காசு போனதுக்கு நான் அழலை. எவன்கிட்டயும் போய் நிக்கக்கூடாது, அவ்வளவுதான்."

இதில் 'எவன்' என்பது பட்டறைக்காரரை மட்டும் குறிக்கவில்லை என்பது கணவருக்கும் புரிந்தது. அவர் கணக்குச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வண்டிகளுக்கு வருடாந்தரச் சோதனை ஒன்று உண்டு. அதில் தேறாவிட்டால் வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது. சோதனை அதிகாரி முன்சக்கரத்தைச் சுற்றவிட்டு ஒரு கருவியை அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். லேசாக ஆட்டம் இருக்கிறது, ஆனால் அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லி, தேறியதற்கான வில்லையை வண்டியில் ஒட்டினார். வீடு வரும்வரை அக்கா என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்: "அளவுக்குள்ளன்னுதானே சொன்னார்? நீங்களா ஒண்ணும் சேர்க்கலையே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காருடனேயே வந்துவிட்டார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா வண்டியின் முன்பக்கத்துக்கு முட்டுக்கொடுத்து, மிச்சமிருந்த ஆட்டத்தையும் எடுத்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் டார்ச்சுடன் பக்கத்தில் குந்தியிருந்தார். அண்ணன் கார் சாவியை நீட்டினார். கணவர் டார்ச்சை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார். எல்லோரும் அவர் சாவியை வாங்கப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் காலி கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

"கார் வேண்டாம்ண்ணே. இவ கடைக்கும் வர மாட்டா."

"யோசிக்கறேன்னு சொன்னியேடா?"

"யோசிச்சேன்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பியிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று தெரியாமல், சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின் பக்கம் திரும்பினார். குனிந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"இதுவா நிமிந்திருக்கு? பாரு, இங்க ஆடுது." விரலைக் கொண்டுபோய் ரிம்முக்குப் பக்கத்தில் நீட்டினார். "இதோ, இங்க. தெரியலையா உனக்கு?"

அக்கா குந்தியிருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கிரீஸ் அப்பிய கையைத் துடைக்கவும் இல்லை. தன் சக்கரத்தை நோக்கி நீண்டிருந்த அந்த விரலை இரண்டு விரல்களால் பிடித்தார்; வழியில் கிடக்கிற ஒரு குச்சியை எடுப்பதுபோல எடுத்து அப்பால் வைத்தார்.