மெழுகுத் தொட்டியும் மகளின் மாலையும்

உருகிய மெழுகுத் தொட்டிக்குள் கையை விடச் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. லூனாஸ் ஊரில் பூக்கடை வைத்திருக்கிறேன். வலது கட்டைவிரலின் அடிமூட்டு வலித்து வலித்து, நூலில் ஒரு முடிச்சு போடுவதே பெரும்பாடாகிவிட்டது. மகளின் கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் மாலை கட்டியவள், பெற்ற பெண்ணுக்குக் கட்ட முடியாமல் போய்விடுமோ என்ற பயம்தான் என்னை ஆஸ்பத்திரியில் கைவேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குத் துரத்தியது.

அங்கிருந்த தெரபிஸ்ட் தம்பிக்கு என் மகன் வயதுதான் இருக்கும். சூடும் குளிர்ச்சியும் விரல்களுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று முதலில் சோதித்தார். பிறகு கையை மெழுகில் முக்கி முக்கி எடுத்து, பிளாஸ்டிக் உறை மாட்டித் துண்டால் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்து உரித்தபோது, மெழுகு வெள்ளைக் கையுறை மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. வலி போன இடம் தெரியவில்லை. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்ப, அவர் சிரித்தபடி நாற்காலியைக் காட்டினார். சூடு கையை இளக்கத்தான், இனிமேல்தான் வேலையே என்றார்.

எனக்கு எங்கே காதில் விழுந்தது? திருவிழா நேரம், ஆர்டர் குவிந்து கிடந்தது. வலிதான் இல்லையே என்று கட்டித் தள்ளினேன். மறுநாள் மூட்டு வீங்கிக் கொதித்தது. ஓடிப்போய் மெழுகு கேட்டால், வீங்கின கைக்குச் சூடு ஆகாது என்று ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைத்தார். எதற்கெடுத்தாலும் சூடாக ஒத்தடம் கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். வாதம் பிடித்துக்கொள்ளும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் கோபப்படவே இல்லை.

“வலி போச்சுன்னா கை சரியாச்சுன்னு இல்லலா அக்கா.”

வீக்கம் வடிந்ததும் பூவும் நூலும் கொண்டுவரச் சொல்லி, நான் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு முடிச்சையும் கட்டைவிரலை நெரித்தே இறுக்குகிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கட்டைவிரல் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை செய்து மாட்டி, முழுக் கையாலும் இழுத்து இறுக்கப் பழக்கினார். அப்படியும் கனமான கல்யாண மாலையைத் தனியாகக் கட்ட இந்தக் கை தாங்காது என்று தெரிந்தபோது அழுதுவிட்டேன்.

“முழுசும் நீங்கதான் கட்டணுமாக்கா? அதுல எது உங்க கையால இருந்தா மனசு நெறையும்?”

கைவலி என்று வந்தவளிடம் இதைக் கேட்கத் தோன்றியதே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். இப்போது பெண்டாங் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். நான் இன்றும் பட்டையை மாட்டிக்கொண்டுதான் கடையில் உட்காருகிறேன்.

மகளின் கல்யாண மாலையைக் கடைப் பெண்கள் கட்டினார்கள். அடியில் தொங்கும் குஞ்சத்தை மட்டும், கைக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்து நான் கட்டினேன். மணமேடையில் மகள் குனிந்து மாலையைத் தடவிக்கொண்டே வந்து, குஞ்சத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். நான் கட்டியது எது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.