ஹால்டிஸ் போட வேண்டிய தடம்

ஹால்டிஸ் ஒருநாளும் உட்கார்ந்து காலுறை போட்டதில்லை. ஒற்றைக் காலில் நின்று, மறுகாலை மடக்கித் தூக்கி, சுவரைத் தொடாமல் மாட்டிக்கொள்வாள். மகன் எய்விண்டுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். பால் பண்ணைக்கு அவசரமாக ஓடும் காலைகளிலும் சரி, கணவனை அடக்கம் செய்த அன்றும் சரி, நின்றபடிதான்.

எழுபத்து மூன்று வயதில், வீட்டு முற்றத்தில் உறைந்து கிடந்த நீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள், கட்டிலில் உட்கார்ந்து, காலுறையைப் பிடித்தபடி தன் பாதத்தை எட்ட முடியாமல் அவள் தவித்ததை எய்விண்ட் பார்த்தான். அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டான்.

"ஓஸ்லோவுல எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு ஃபிளாட் பாத்திருக்கேம்மா. லிஃப்ட் இருக்கு."

"லிஃப்ட் எதுக்குடா? நான் என்ன பால் கேனா, ஏத்தி இறக்க?"

"மறுபடி விழுந்தா?"

"விழுந்தா எந்திரிப்பேன். ஈஸ்டருக்கு நம்ம மலைக்குடில் வரைக்கும் பனிச்சறுக்குப் பலகையில சறுக்கிட்டே போய்க் காட்டறேன். முடியலைன்னா என் பெட்டிய நானே தூக்கிட்டு உன் ஃபிளாட்டுக்கு வந்துடறேன். போதுமா?"

போதும் என்று தலையாட்டினான். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் அவன். ஒரு பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியும். அம்மாவின் கால் எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை. ஃபிளாட் அவளுடைய பத்திரத்துக்கா, தன்னுடைய நிம்மதியான தூக்கத்துக்கா? கேள்வி எழும்போதெல்லாம் வேறு வேலையில் புகுந்துகொண்டான்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், முதலில் சமதளம், பிறகுதான் ஏற்றம் என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள். தை பிறக்கும் வேளையில் ஹால்டிஸ் உறைந்த ஏரிமேல் சறுக்கத் தொடங்கினாள். துணைக்கு, பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு ஓட்வார்.

"நேத்து விழுந்துட்டேன்" என்றாள் ஒருமுறை போனில். "ஓட்வார் சிரிச்சிட்டே நின்னான். கை குடுக்கவே இல்ல. நல்ல மனுஷன்."

ஈஸ்டருக்கு எய்விண்ட் வந்து சேர்ந்தான். புறப்பட்ட அன்று முழங்கால் அளவுக்குப் புதுப்பனி விழுந்திருந்தது. பனியை அழுத்திச் சறுக்குத் தடம் போடும் இயந்திரம் மலையேறி வரவில்லை. மூன்று பேரும் கிளம்பினார்கள். புதுப்பனியில் முன்னால் போகிறவருக்குத்தான் பாடு. பின்னால் வருகிறவர்கள் அவர் போட்ட தடத்தில் சுலபமாக வழுக்கிக்கொண்டு வரலாம். அதனால் முன்னவர் களைத்ததும் பேசாமல் ஒதுங்குவார், அடுத்தவர் முன்னே போவார். அதற்கு யாரும் யாரையும் கேட்பதில்லை.

எய்விண்ட் ஒதுங்கவே இல்லை. அம்மாவின் பாரத்தைத் தானே சுமந்துவிடலாம் என்று நினைப்பு.

"ஒதுங்குடா!" பின்னாலிருந்து கத்தினாள். "என் முறைக்கு நான் தடம் போடலைன்னா, நான் வந்ததாவா அர்த்தம்? நீ இழுத்துட்டு வந்ததா அர்த்தம்."

"படிச்ச புள்ள, வழி விட மட்டும் படிக்கல" என்றார் ஓட்வார்.

ஒதுங்கினான். அவள் முன்னே போனாள். அடி சின்னது, மூச்சு பெரியது. ஆனாலும் தன் பங்குக்குப் போட்ட தடம் கோடு போட்டதுபோல நேராக இருந்தது.

குடிலின் புகைபோக்கி தெரியும் கடைசி ஏற்றத்தில் மறுபடி அவள் முறை வந்தது. நாலடி ஏறியதும் பலகை பின்னுக்கு வழுக்க, பக்கவாட்டில் பனிக்குள் சாய்ந்தாள். எய்விண்ட் பாய்ந்தான். ஓட்வாரின் ஊன்றுகோல் அவன் மார்புக்குக் குறுக்கே வந்து நின்றது.

"அவ கேக்கட்டும்."

அவள் கேட்கவில்லை. ஒருக்களித்து, பலகைகளை உடம்புக்கடியில் சேர்த்து, முழங்காலில் எழுந்து, நின்றாள். மறுபடி ஏறினாள். மறுபடி சரிந்தாள். எழுந்து மேலே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஓட்வார், நீ போ."

அவர் முன்னே போனார். அவர் தடத்தில் பக்கவாட்டாக, ஒவ்வோர் அடியாக மிதித்து, அவள் குடில் வாசலைத் தொட்டாள்.

உள்ளே எய்விண்ட் ஆரஞ்சை உரித்து நீட்டினான். "ஜெயிச்சிட்டம்மா."

"கடைசி ஏத்தம் என்னோடது இல்ல" என்றாள், பழத்தைத் தொடாமல். "பெட்டி கட்டறேன்."

"கட்டிட்டுப் போயிட்டா?" காப்பிக் குடுவையைத் திறந்தபடி ஓட்வார் கேட்டார். "ஒரு முறை பாக்கி வச்சிருக்க. யாரு தீப்பா? அடுத்த வருஷம் அந்த ஏத்தத்துல நீ எனக்குத் தடம் போடணும்."

அம்மா எதிரிலிருந்த கிழவரை முறைத்தாள். பிறகு ஆரஞ்சை வாங்கிக்கொண்டாள். எய்விண்ட் அன்றே ஓஸ்லோவுக்குப் போன் செய்து, ஃபிளாட் வேண்டாம் என்றான்.

அதன்பின் பல குளிர்காலங்கள் அவள் அதே வீட்டில் இருந்தாள், சறுக்கினாள், விழுந்தாள், எழுந்தாள். கடன்தான் தீரவில்லை. குடிலுக்குப் போகும் போதெல்லாம் இயந்திரம் முந்திக்கொண்டுவிடும். "மெஷின் போட்டது கணக்குல வராது" என்பார் ஓட்வார். ஒரு வருடம் நல்ல புதுப்பனி விழுந்தபோது அவர் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தார். தனியாகக் கிளம்பியவள், கடன்காரன் இல்லாமல் யாருக்குத் தடம் போடுவது என்று பாதியில் திரும்பிவிட்டாள்.

ஓர் இலையுதிர்காலத்தில், முதல் பனி விழுமுன், தன் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எய்விண்ட் ஓட்வாரின் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மாவோட பாக்கிய இந்த ஈஸ்டருக்கு நான் போட்டுத் தீத்துடறேன்."

ஓட்வார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ வா. உன் முறைக்கு உன் தடத்தைப் போடு. அது அவ கடன். அவ பேர்லயே இருக்கட்டும்."