மண் போட்டு மூடிய குளம்

மகள் நூலகத்தில் எடுத்துவந்த நாவல் அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்றதுதானா என்று பார்க்க நான் முதலில் வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் தெற்கில் ஒரு சிறிய ஊர். வெள்ளைக்காரச் சிறுமி ஒருத்தி சொல்லும் கதை. பொது நீச்சல் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகளையும் விட வேண்டும் என்று உத்தரவு வந்ததும், ஊரார் லொறி லொறியாக மண் கொண்டுவந்து குளத்தையே மூடிவிடுகிறார்கள். இனித் தங்கள் பிள்ளைகளுக்கும் குளம் இல்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? எனக்கு விளங்கவேயில்லை. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினேன்.

அப்போதுதான் மகள் வந்து நின்றாள்.

"அம்மா, சனிக்கிழமை அவளின்ர பேர்த்டே. ஸ்லீப்ஓவர். நான் போகட்டே?"

'அவள்' மகளின் வகுப்புத் தோழி. இங்கே மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசையிலேயே நாலு கதவு தள்ளி வீடு. தாய் ஜமேக்காவிலிருந்து வந்தவர்.

"கேக் வெட்டினாப் பிறகு வந்து கூட்டிக்கொண்டு வாறன். இரவு நிக்கிறதெல்லாம் வேண்டாம்."

"வொய்?"

"நாங்கள் பிள்ளையளை ஒருத்தர் வீட்டையும் இரவில விடுறேல்லை."

"யூனியன்வில்ல இருக்கிற அன்ரி வீட்டை இரவு நிண்டனான்தானே. அவை சொந்தமும் இல்லை."

"அவையை எங்களுக்குத் தெரியும்."

"இவையையும் தெரியும். ஃபோர் டோர்ஸ், அம்மா!"

பருப்பைக் கிண்டினேன். சற்று முன் வாசித்த பக்கத்தில் அந்தச் சிறுமியின் தாயும் இதைத்தான் சொல்லியிருந்தாள்: நல்ல சனம்தான், ஆனால் நமக்கு அவர்களைத் தெரியாதே. எனக்கு அவளைப் பிடித்திருக்கவில்லை. என் பயம் எங்கள் வழக்கத்தால் வந்ததா, அவளுடையதைப் போன்றதா? நாலாவது கதவில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தால் விட்டிருப்பேனா? விட்டிருப்பேன். இல்லை, வீட்டில் யார் யார் என்று விசாரித்த பிறகுதான். அப்படியென்றால் இங்கே ஏன் விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை?

கணவரிடம் சொன்னேன்.

"உதுக்கேனப்பா கதைப்புத்தகத்தோட மல்லுக்கட்டுறீர்? போய்க் கதவைத் தட்டிக் கேளும்."

ஒரு தட்டில் வடையோடு போனேன். கேள்விகளை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். தோழியின் தாய் வேலை உடுப்போடு கதவைத் திறந்தார். நான் தொடங்குமுன் அவரே ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினார். என் மகளுக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? இருட்டுக்குப் பயமா? பிறகு கொஞ்சம் தயங்கி, எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பேஸ்மென்டில் வாடகைக்கு யாரும் இருக்கிறார்களா என்றும் கேட்டார்.

என்னையா விசாரிக்கிறார்? முகம் சூடாவது தெரிந்தது.

"என் மகளும் உங்கள் வீட்டில் ஒரு நாள் தங்க வேண்டுமாம்," என்றார். "நான் அவளை யார் வீட்டிலும் இரவில் விடுவதில்லை. குறை நினைக்காதீர்கள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொன்னதும் அவருக்கும் வந்தது. வாசலிலேயே நின்று, அவர் ஒரு வடையைக் கடித்தபடி, இருவரும் மாறி மாறி விசாரித்து முடித்தோம்.

சனிக்கிழமை மகள் தலையணையோடு புறப்பட்டாள். கக்கத்தில் அந்த நாவல்.

"உதை ஏன் கொண்டு போறீர்? நான் இன்னும் முடிக்கேல்லை."

"நாங்கள் ரெண்டு பேரும் வாசிக்கப் போறம்."

"குளத்தைத் திரும்பத் தோண்டினவையோ?"

"நாளைக்குச் சொல்றன், அம்மா. பாய்!"

வாசலில் நின்று பார்த்தேன். நாலாவது கதவில் அந்த அம்மா ஏற்கனவே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.