இரண்டு மூக்கு ராஜாவும் கடிபட்ட காலணாவும்

பழைய காசு வியாபாரத்தில், அச்சடிக்கும்போதே தப்பிப் பிறந்த காசுக்குத்தான் மவுசு. பிறகு அடிபட்டதை யாரும் சீந்த மாட்டார்கள். எழுபதுகளில் சேலம் கடைவீதியில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியே பிழைத்தேன். உங்களில் யாராவது அப்படிப் பிழைத்திருந்தால் என் பாடு புரியும்.

பளபளப்பு

ஓமலூர் விவசாயி ஒருவர் கருத்துப்போன வெள்ளி ரூபாய் கொண்டுவந்தார். அச்சு இரண்டு முறை விழுந்து, ராஜாவுக்கு இரண்டு மூக்கு! “கருப்பு இருக்கட்டுங்க, தொடாதீங்க” என்றேன். அண்ணனைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனார்.

மறுநாள் காசு கண்ணைப் பறித்தது. செங்கல் தூளில் ஒரு மூக்கு போயே போய்விட்டது. நான் தலையில் கைவைத்ததும் அவர் சொன்னார்: “அழுக்குக் காசைக் கொடுத்தா மரியாதையா இருக்காதுன்னு எங்கூட்டுல வெளக்கிக் கொடுத்தாங்க!”

பட்டறைக் காசு

நாமக்கல் லாரி மெக்கானிக் ஒருவரின் காசில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. திருப்பினேன், பின்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அச்சுப் பிழை என்றால் அந்தப் பக்கம் தெளிவாக இருக்கும். இரண்டு காசைச் சேர்த்து இடுக்கியில் இறுக்கியிருக்கிறார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

“ஏனுங்க, கவர்மெண்டு அமுக்குனா அதிசயம், நான் அமுக்குனா நசுங்கலுங்களா?”

கடிபட்ட காலணா

குமாரபாளையத்துத் தறிக்காரர் ஆறுமுகம் கொண்டுவந்த செம்புக் காலணாவின் ஓரம் பிறை போலக் கடிபட்டிருந்தது. “கத்தரியில வெட்டுனதுங்க” என்று சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் அதைத் துண்டில் முடிந்துகொண்டு போனார்.

சில மாதம் கழித்து அதே போல் இன்னொன்று வந்தது. நிதானமாகப் பார்த்தேன். தகட்டிலிருந்து வட்டம் வெட்டும்போதே குறைபட்ட காசு அது. அப்படிப்பட்டதற்குக் கடிக்கு நேர் எதிர் விளிம்பு மங்கலாக விழும். ஆறுமுகத்தின் காசிலும் அந்த விளிம்பு மங்கல்தான். தேய்மானம் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி, விசாரித்து அவர் வீட்டை அடைந்தேன். காலணா வளையம் பற்றவைத்து அவர் மகள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கியது. இனி அதுவும் அடிபட்ட காசுதான். தப்பு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆறுமுகம் தறியை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

“போவுதுங்க. நல்ல காசுன்னு சொல்லியிருந்தீங்கன்னா புள்ள கழுத்துக்கு வந்திருக்காதுங்களே. உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் போலாம்.”

அத்தனை வருஷம் காசுகளின் தப்பைக் கடையில் உட்கார்ந்தே கண்டுபிடித்த எனக்கு, என் தப்பைப் பார்க்க மட்டும் பஸ் டிக்கெட் எடுக்கவேண்டியிருந்தது.